தாய்லாந்தில் வருஷக்கணக்கில் தங்க எந்த விசா?

தாய்லாந்தில் சில வருஷம் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த விசாவுக்கு அதிக வருஷம் தருகிறார்கள்?" என்றுதான். 5 வருஷம், 10 வருஷம், 20 வருஷம் என்று எல்லாமே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஒன்று தேவையில்லாமல் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் வேலை செய்ய முடியாத விசாவில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார்கள். உங்களுக்கு 50 வயது ஆகிவிட்டதா, மாதச் செலவுக்கான பணம் எங்கிருந்து வருகிறது, வருஷத்தில் எத்தனை தடவை ஊருக்கு வந்து போவீர்கள், இவற்றுக்குப் பதில் தெரிந்தாலே பாதி விசாக்கள் தானாகக் கழன்றுவிடும். நான் 2023-லிருந்து சியாங் மாயில் இருக்கிறேன், இரண்டு வகை விசாவில் இருந்து பார்த்தாயிற்று. என் சித்தப்பா ஹுவா ஹின்னில் ஓய்வுகால விசாவில் இருக்கிறார். கீழே வருவதில் பாதி நாங்கள் இரண்டு பேரும் கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. விசா வேறு, தங்கும் அனுமதி வேறு. விசா என்பது வாசலில் வந்து நிற்பதற்கான சீட்டு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரைதான் சொல்லும். 5 வருஷ விசா கையில் இருந்தாலும் முத்திரைத் தேதியைத் தாண்டினால் ஓவர்ஸ்டேதான்: நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டால் நாமே ஏர்போர்ட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டாலும் ஒரு வருஷம் திரும்பி வர முடியாது. நடுவில் எங்காவது பிடிபட்டால், தாண்டியது ஒரு வருஷத்துக்குள் என்றாலும் 5 வருஷத் தடை. கணக்குக்காக ஒரு பாட் என்பதைச் சுமார் இரண்டே முக்கால் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவே இல்லாமல் ஓட்டுவது

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு கொடுத்தார்கள், உள்ளே இருந்தபடியே 1,900 பாட் கட்டி இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம் என்றும் இருந்தது. அதைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு அடுத்த வருஷமே கிளம்பிவிட்டது, அதனால் டிக்கெட் போடும் நாளில் எத்தனை நாள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். 60 நாள் இருந்துவிட்டு லாவோஸ் எல்லை வரை போய்த் திரும்பி வந்து புது முத்திரை வாங்கி அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டிய ஆட்களை எனக்குத் தெரியும். அந்தக் காலம் போய்விட்டது. 2025 நவம்பரில் இமிக்ரேஷன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: காரணம் இல்லாமல் இரண்டு தடவைக்கு மேல் இப்படி எல்லை தாண்டி வந்தால் திருப்பி அனுப்புவோம் என்று. ஊர் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை வந்து போவதற்கு இது போதும். தங்குவதற்கு இது வழியே இல்லை.

கல்வி விசா

2023-ல் நான் வந்தது தாய் மொழி படிக்கிறேன் என்ற கல்வி விசாவில். பள்ளிக்குப் பணம் கட்டினால் அவர்கள் கடிதம் கொடுப்பார்கள், 90 நாள் கிடைக்கும், பிறகு 90 நாளுக்கு ஒரு தடவை இமிக்ரேஷனுக்குப் போய் நீட்டிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் 1,900 பாட். காலை 7 மணிக்கு வரிசையில் நின்று டோக்கன் வாங்கி மதியம் வரை உட்கார்ந்திருப்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. இரண்டாவது நீட்டிப்பில் அதிகாரி தாய் மொழியில் "காலையில் என்ன சாப்பிட்டாய், எங்கே குடியிருக்கிறாய்" என்று கேட்டார். நான் உண்மையிலேயே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததால் தப்பித்தேன். பக்கத்து மேஜையில் ஒருவர் ஒரு வருஷம் படித்ததாகக் காகிதம் வைத்துக்கொண்டு வணக்கம் சொல்லக்கூடத் தெரியாமல் நின்றதைப் பார்த்தேன், அவருக்கு அன்றைக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை.

மொழி படிக்கத்தான் போகிறீர்கள் என்றால் இது அருமையான விசா. (தாய் மொழியில் 'மா' என்ற ஒரே ஓசை, தொனி மாறினால் வா, நாய், குதிரை என்று ஆகும். நம் 'மா' மாமரம், மாவு, குதிரை என்று அலைவதைப் பழகியவர்களுக்கே முதல் மாதம் தலை சுற்றும்.) மொழியைச் சாக்காக வைத்துக்கொண்டு லேப்டாப்பில் வேலை பார்ப்பதற்கு என்றால் வேண்டாம். 2025-லிருந்து கல்வி விசாக்களைத் துருவிப் பார்க்கிறார்கள். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதியும் கிடையாது. நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த ஒன்றரை வருஷமும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருந்தது.

டிடிவி: 50 வயதுக்குள் இருப்பவர்களுக்கு என் முதல் ஓட்டு

2024 ஜூலையில் வந்த 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா'வைத்தான் எல்லாரும் டிடிவி என்கிறார்கள். 5 வருஷம் செல்லும், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம், ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் 180 நாள் முத்திரை. அடிப்படைக் கட்டணம் 10,000 பாட், நாம் விண்ணப்பிக்கிற ஊர்த் தூதரகம் உள்ளூர்ப் பணத்தில் வைக்கிற தொகை அதிலிருந்து கூடக் குறைய இருக்கும். வயது 20 ஆகியிருக்க வேண்டும், 5 லட்சம் பாட் கையிருப்பைக் காட்ட வேண்டும், அதாவது நம் பணத்தில் பதினாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை 'காட்ட'. தாய்லாந்து வங்கியில் போட்டுப் பூட்ட வேண்டியதில்லை, நம் ஊர் வங்கி ஸ்டேட்மென்ட் போதும். ஆனால் மச்சானிடம் கைமாற்று வாங்கி முதல் நாள் கணக்கில் போட்டுக் காட்டுகிற வேலை நடக்காது, மூன்று மாத ஸ்டேட்மென்ட், சில இடங்களில் ஆறு மாதம் கேட்கிறார்கள், திடீரென்று விழுந்த பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று விளக்கம் கேட்பார்கள்.

எந்தக் காரணத்தைச் சொல்லி விண்ணப்பிப்பது என்பதில் இரண்டு வழி. வெளிநாட்டுக் கம்பெனிக்கோ வாடிக்கையாளருக்கோ எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்கிறவர் என்பது ஒன்று. முய் தாய் சண்டைப் பயிற்சி, தாய் சமையல் வகுப்பு, மருத்துவச் சிகிச்சை மாதிரி தாய்லாந்தின் 'சாஃப்ட் பவர்' பட்டியலில் உள்ள ஏதாவது ஒன்றுக்கு வருகிறேன் என்பது இன்னொன்று. சம்பள வேலையில் இருந்தால் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று கம்பெனி கடிதம் தர வேண்டும், நம் ஊர் ஐடி கம்பெனிகள் பலவற்றில் அந்தக் கடிதம் வாங்குவதற்குள் ரிட்டயர்மென்ட்டே வந்துவிடும். ஃப்ரீலான்சராக இருந்தால் ஒப்பந்தங்கள், இன்வாய்ஸ்கள், பணம் கணக்கில் வந்து விழுந்ததற்கான ஸ்டேட்மென்ட் பதிவுகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நான் முதலில் வெறும் ஒப்பந்தத்தை மட்டும் போட்டேன், கூடுதல் ஆவணம் கேட்டு வந்தது. இன்வாய்ஸ் எண்ணையும் ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தொகை வந்த பதிவையும் அடையாளம் போட்டு ஒரு பக்கத்தில் பட்டியலிட்டுக் கொடுத்ததும் இரண்டாவது வாரம் விசா மெயிலில் வந்தது. 2025 ஜனவரியிலிருந்து எல்லாமே ஆன்லைன் இ-விசாதான், சென்னையில் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குகிற வேலை இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும்போது நீங்கள் தாய்லாந்துக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

இதை நான் தூக்கிப் பிடிப்பதற்கு முக்கியமான காரணம் அந்த 180 நாள். ஐரோப்பாக்காரர்கள் "ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெளியே போக வேண்டுமே" என்று புலம்புகிறார்கள். நமக்கு என்ன புலம்பல்? பொங்கல் முடிந்து கிளம்பினால் ஆடி பிறக்கும் நேரத்தில் 180 நாள் முடிகிறது, ஊருக்கு வந்து அம்மா கையால் ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டுப் போனால் புதிதாக 180 நாள், மறுபடி தை பிறக்கும்போது எப்படியும் வரத்தான் போகிறோம். சென்னையிலிருந்து பாங்காக் மூன்றரை மணி நேரம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் நாகர்கோவில் போகிற நேரத்தில் மூன்று தடவை போய்விடலாம். உள்ளேயே இருந்து ஒரு தடவை நீட்டிக்கவும் விதி இருக்கிறது, ஆனால் அதற்கான காகித வேலையைப் பார்த்தால் டிக்கெட் போட்டுவிடலாம் என்றே தோன்றும்.

குறைகளும் உண்டு. தாய்லாந்துக் கம்பெனிக்கு ஒரு பாட் வேலைகூடச் செய்யக் கூடாது. இந்த விசாவை வைத்துக்கொண்டு அங்கே வங்கிக் கணக்கு திறப்பது பெரும்பாடு, நான் நான்கு கிளைகளில் ஏறி இறங்கி, கடைசியில் கணக்கே இல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன். 90 நாள் தொடர்ந்து இருந்தால் 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று இமிக்ரேஷனுக்கு 90 நாள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நிரந்தர வசிப்புரிமை பக்கம் போக இந்த வருஷங்கள் கணக்கில் சேராது. மனைவியும் 20 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சார்ந்தவர்களாக வரலாம் என்றாலும் ஆளுக்கு ஒரு விண்ணப்பம், ஆளுக்கு ஒரு கட்டணம்.

50 தாண்டியவர்களுக்கு

சித்தப்பா மஸ்கட்டில் 29 வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பி, இரண்டு வருஷம் இருந்து பார்த்து, ஒட்டவில்லை என்று ஹுவா ஹின் போனவர். கல்ஃப் ஆட்களுக்குப் பென்ஷன் கிடையாது, மொத்தமாகக் கையில் ஒரு தொகை இருக்கும், மாத வருமானம் என்று காட்ட எதுவும் இருக்காது. ஓய்வுகால விசாவில் இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

விதி என்னவென்றால், வயது 50, அதோடு தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் டெபாசிட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். மாத வருமான வழியில் போனால் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் அந்தத் தொகை வந்ததைத் தாய்லாந்து வங்கிப் புத்தகத்தில் காட்ட வேண்டும், நம் ஊர்ப் பென்ஷனில் மாதம் 1,80,000 ரூபாய் எத்தனை பேருக்கு வரும்? ஆக, பெரும்பாலும் டெபாசிட் வழிதான். 8 லட்சம் பாட் என்றால் சுமார் 22 லட்சம் ரூபாய். நீட்டிப்புக்கு முன் இரண்டு மாதமும் அதற்குப் பின் மூன்று மாதமும் முழுத் தொகையும் அசையாமல் இருக்க வேண்டும், மற்ற மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை 1,900 பாட் கட்டி நீட்டிப்பு. பணம் நம்முடையதுதான், போய்விடாது, ஆனால் தூங்குகிற பணம். அதே 22 லட்சம் இங்கே 7 சதவீதத்தில் இருந்தால் வருஷம் ஒன்றரை லட்சம் வந்திருக்கும், தாய்லாந்து வங்கி தருகிற வட்டி அதன் பக்கத்தில்கூட வராது. அந்த ஒன்றரை லட்சம்தான் இந்த விசாவின் உண்மையான விலை, 1,900 பாட் அல்ல.

இன்னொரு பாதை ஓ-ஏ என்கிற விசா. இதை இந்தியாவிலிருந்தே எடுத்துக்கொண்டு போகலாம், தொடக்கத்தில் 8 லட்சத்துக்கு ஈடான பணத்தை நம் ஊர் வங்கியிலேயே காட்டலாம் என்பதால் பலர் இதற்குத்தான் ஆசைப்படுகிறார்கள். போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் சரி, மாட்டுகிற இடம் இன்ஷூரன்ஸ். 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடு இருந்தாக வேண்டும், வருஷாவருஷம் நீட்டிப்புக்கும் அது வேண்டும். 62 வயதில், சர்க்கரையும் ஒரு ஸ்டென்ட்டும் வைத்திருக்கிற சித்தப்பாவுக்கு யார் நியாயமான விலையில் பாலிசி தருவார்கள்? அதனால் அவர் 'நான்-ஓ' வழியில் போனார், அதில் முதலில் 90 நாள், பிறகு உள்ளேயே வருஷ நீட்டிப்பு, காப்பீடு கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதற்காக எடுக்காமல் இருப்பது வேறு விஷயம், தனியார் ஆஸ்பத்திரி பில் ஒன்று வந்தால் அந்த 8 லட்சம் எந்த மூலைக்கு. ஓ-எக்ஸ் என்று 10 வருஷ ஓய்வுகால விசா ஒன்றும் இருக்கிறது, ஆசைப்பட வேண்டாம், அது 14 நாட்டுக்காரர்களுக்கு மட்டும், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

நான்-ஓ வழியில் ஒரு வேடிக்கை. நீண்டகால விசா இருந்தால்தான் வங்கிக் கணக்கு திறப்பேன் என்கிறது வங்கி, வங்கியில் பணம் இருந்தால்தான் நீண்டகால விசா என்கிறது இமிக்ரேஷன். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் கதைதான். சித்தப்பா கணக்குத் திறப்பதற்கு மட்டும் ஓர் ஏஜென்ட்டைப் பிடித்துக்கொண்டார், அது பரவாயில்லை. ஆனால் "பணமே வேண்டாம், நாங்களே உங்கள் கணக்கில் 8 லட்சம் போட்டு எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்கிற ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். அது மோசடி, மாட்டினால் நாடு கடத்துவது உங்களைத்தான், ஏஜென்ட்டை அல்ல.

இந்தப் பக்கத்துக் கணக்கையும் சொல்ல வேண்டும். 22 லட்சத்தை இங்கிருந்து அனுப்பினால், 2025 ஏப்ரலிலிருந்து உள்ள விதிப்படி ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கிற வரி) பிடித்துக்கொள்வார்கள். ஒரே தடவையாக அனுப்பினால் 2,40,000 ரூபாய் முடங்கும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை கையில் இருக்காது. மார்ச்சில் 10 லட்சம், ஏப்ரலில் 10 லட்சம் என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்து அனுப்பினால் பெரும்பகுதி தப்பிக்கும். கல்ஃபிலிருந்து திரும்பியவர்கள் பணத்தை ஆர்எஃப்சி கணக்கில் வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. சித்தப்பா வந்த மாதமே எல்லாவற்றையும் ரூபாயாக்கி நிலத்திலும் எஃப்டியிலும் போட்டுவிட்டார்.

அப்புறம் சித்தி. கணவர் பெயரில் 8 லட்சம் இருந்தால் மனைவி அவரைச் சார்ந்தவராகத் தங்கலாம், தனியாக இன்னொரு 8 லட்சம் வேண்டாம். அதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். 1989-ல் திருவானைக்காவலில் நடந்த கல்யாணத்துக்குப் பத்திரிகை இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது, சான்றிதழ் எங்கே இருக்கும்? தமிழ்நாட்டில் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 2009-ல்தான் வந்தது. 30 வருஷம் கழித்து இரண்டு பேரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நின்று கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தார்கள், பிறகு அதற்குச் சான்றொப்பம், மொழிபெயர்ப்பு. உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இப்படி ஒரு யோசனை இருந்தால் விசாவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இந்தக் காகிதத்தைத் தேடச் சொல்லுங்கள்.

ஓய்வுகால நீட்டிப்பில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்ட வேண்டியது: ரீ-என்ட்ரி பெர்மிட். நாட்டை விட்டு வெளியே போகும் முன் அதை வாங்காவிட்டால் (ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800) விமானம் ஏறிய நிமிஷமே அந்த வருஷ அனுமதி செத்துவிடும். சித்தப்பாவின் அண்ணன் தவறிப்போன செய்தி வந்த இரவு, இருந்த துணியோடு கிளம்பியவருக்கு அது ஞாபகமே இல்லை, ஏர்போர்ட்டிலேயே வாங்கலாம் என்பதும் தெரியாது. காரியம் முடிந்து திரும்பியபோது சாதாரணச் சுற்றுலாப் பயணியாகத்தான் உள்ளே விட்டார்கள், மறுபடி முதலிலிருந்து. அன்றிலிருந்து அவர் எப்போதும் பல தடவைக்கான பெர்மிட்தான் வாங்குகிறார்.

பணத்தைக் கொடுத்து நிம்மதி வாங்குவது

பணம் கட்டி உறுப்பினராகி வாங்குகிற விசா இது: தாய்லாந்து பிரிவிலேஜ், பழைய பெயர் எலைட். 2003-லிருந்து இருக்கிறது, 2023-ல் பெயரும் விலையும் மாறின. கோல்டு 5 வருஷத்துக்கு 9 லட்சம் பாட், பிளாட்டினம் 10 வருஷத்துக்கு 15 லட்சம், டயமண்ட் 15 வருஷத்துக்கு 25 லட்சம், அழைப்பின் பேரில் மட்டும் தருகிற ரிசர்வ் 20 வருஷத்துக்கு 50 லட்சம். வயது வரம்பு, வருமானக் கேள்வி, டெபாசிட் எதுவும் இல்லை, பின்னணிச் சோதனை மட்டும். ஏர்போர்ட்டில் தனி வரிசை, வண்டி என்று உபசாரமெல்லாம் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோல்டு என்பது மாதம் 15,000 பாட். சியாங் மாயில் ஒரு நல்ல ஒற்றை அறை வீட்டு வாடகையே அவ்வளவுதான். அதாவது ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு, யாரும் இல்லாத இன்னொரு வீட்டுக்கும் வாடகை கட்டுவது மாதிரி. ஓய்வுகால டெபாசிட் 8 லட்சம் திரும்பி வரும், இந்த 9 லட்சம் வரவே வராது. இதில் வேலை அனுமதி கிடையாது, இதுவும் சுற்றுலா வகைதான் என்பதால் நிரந்தர வசிப்புரிமைக்கும் உதவாது. 50 வயது ஆகாத, மாதச் சம்பளம் என்று காட்ட எதுவும் இல்லாத, ஊரில் வாடகையோ வட்டியோ வந்துகொண்டிருக்கிற வசதியான ஆளுக்கு மட்டும் இதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்களுக்கு என் பதில்: அந்தப் பணத்தில் 5 வருஷம் வாடகை கட்டுங்கள்.

எல்டிஆர்: தகுதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம்

2022 செப்டம்பர் 1-ல் தொடங்கிய 'லாங்-டெர்ம் ரெசிடென்ட்' (எல்டிஆர்) என்கிற இந்த 10 வருஷ விசாவை (5 வருஷம், பிறகு இன்னொரு 5) தாய்லாந்தின் முதலீட்டு வாரியமான பிஓஐ நடத்துகிறது. கட்டணம் 50,000 பாட்தான், பிரிவிலேஜ் பிளாட்டினத்தின் முப்பதில் ஒரு பங்கு. 90 நாள் ரிப்போர்ட்டுக்குப் பதில் வருஷத்துக்கு ஒரு தடவை, ரீ-என்ட்ரி பெர்மிட் தேவையில்லை. அப்படியானால் எல்லாரும் ஏன் இதை எடுப்பதில்லை என்றால், தகுதிக் கோடு அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்து வேலை செய்கிற வகைக்கு வருஷ வருமானம் 80,000 டாலர், மாஸ்டர்ஸ் பட்டம் மாதிரி கூடுதல் தகுதி இருந்தால் 40,000 டாலர் போதும். கம்பெனியும் பங்குச் சந்தையில் இருக்க வேண்டும் அல்லது மூன்று வருஷத்தில் 5 கோடி டாலர் வருவாய் காட்டியிருக்க வேண்டும் (2025-க்கு முன் இது 15 கோடி). ஃப்ரீலான்சர்களுக்கு இங்கே இடமில்லை, எனக்குக் கதவு மூடியது இந்த விதியில்தான். 50 தாண்டியவர்களுக்கு வேலை செய்யாமல் வருகிற வருமானம் 80,000 டாலர், அல்லது 40,000 டாலரோடு தாய்லாந்தில் இரண்டரை லட்சம் டாலர் முதலீடு. நம் ஊரில் நாலைந்து வீட்டு வாடகை வருகிறவர்களுக்குக்கூட 80,000 எட்டாது.

அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் இருக்கிற, எம்டெக் படித்த நம் ஆட்கள் பலர் இந்த 40,000 கோட்டுக்குள் வந்துவிடுவார்கள், ஆனால் விசாரிக்காமலே டிடிவி எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் வித்தியாசம் வரியில் இருக்கிறது.

ஒரு காலண்டர் வருஷத்தில் மொத்தம் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருந்தால் அந்த ஊர் வரிக் கணக்கில் நீங்கள் வந்துவிடுவீர்கள், எந்த விசா என்பது பொருட்டில்லை. முன்பு, வெளிநாட்டில் சம்பாதித்ததை அதே வருஷத்தில் உள்ளே கொண்டுவந்தால்தான் வரி, ஜனவரி வரை காத்திருந்து கொண்டுவந்தால் வரி இல்லை என்று ஒரு சந்து இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதை அடைத்துவிட்டார்கள், எந்த வருஷம் கொண்டுவந்தாலும் வரிக்கு உட்பட்டது, 2024-க்கு முன் சம்பாதித்த பணத்துக்கு மட்டும் விலக்கு. ஓய்வுகால விசா, டிடிவி, பிரிவிலேஜ் எல்லாருக்கும் இது பொருந்தும். எல்டிஆரில் பணக்காரர், ஓய்வூதியர், வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்து வேலை செய்கிறவர் என்ற மூன்று வகைக்கும் வெளிநாட்டு வருமானத்துக்கு வரி விலக்கு, தாய்லாந்துக் கம்பெனியில் வேலை செய்கிற உயர்திறன் வகைக்கு 35 சதவீதம் வரை ஏறுகிற படிகளுக்குப் பதில் ஒரே 17 சதவீதம். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே பணத்துக்கு இரண்டு பக்கமும் முழு வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் அதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், இதற்கு ஒரு நல்ல ஆடிட்டர் வேண்டும். டிடிவியில் இருக்கிற நான் வருஷத்தில் 170 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன், மிச்ச நாள் ஊரிலும் வியட்நாமிலும் போகிறது. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சியாங் மாயைச் சுற்றிக் காட்டையும் வயலையும் கொளுத்துகிற புகையில் எப்படியும் இருக்க முடியாது என்பதால் இது பெரிய தியாகமும் இல்லை.

மிச்சம் இருப்பவை

தாய்லாந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தால் நான்-பி என்கிற வேலை விசாவும் வொர்க் பெர்மிட்டும், பேச்சே இல்லை, அதுதான் சரி. மூன்று வருஷம் தொடர்ந்து அப்படி இருந்து வரி கட்டினால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், நாட்டுக்கு வருஷம் 100 பேர் என்ற ஒதுக்கீட்டில். சொந்தமாகக் கம்பெனி தொடங்கி விசா எடுத்துக்கொள்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் ஒரு வெளிநாட்டவருக்கு நாலு தாய் ஊழியர், 20 லட்சம் பாட் மூலதனம் என்ற விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தாய்க்காரரைக் கல்யாணம் செய்தவர்களுக்கு 4 லட்சம் பாட் டெபாசிட் அல்லது மாதம் 40,000 வருமானம் போதும். விசாவுக்காகக் கல்யாணம் செய்ய யோசிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எந்த விசாவானாலும் ஒரு சின்ன வேலை பொது: குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் நீங்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் டிஎம் 30 என்ற படிவத்தில் பதிய வேண்டும். அதைச் செய்யாத வீட்டுக்காரரிடம் மாட்டினால் பிறகு ஒவ்வொரு நீட்டிப்பிலும் உங்களைத்தான் திருப்பி அனுப்புவார்கள். வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள், முகம் சுளித்தால் வேறு வீடு பாருங்கள்.

எனக்கு இப்போது 42. டிடிவி 2030-ல் முடிகிறபோது 46 ஆகியிருக்கும், ஓய்வுகால விசாவுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கும். அந்த நாலு வருஷத்துக்கு இன்னொரு டிடிவி கிடைக்குமா, அதற்குள் விதியை மாற்றிவிடுவார்களா என்று போன நவராத்திரியில் பாங்காக் சிலோம் மாரியம்மன் கோயிலில் தேருக்குக் காத்திருந்தபோது சித்தப்பாவிடம் கேட்டேன். கூட்டத்தில் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, "முதல்ல எட்டு லட்சத்தைச் சேர்த்து வைடா" என்றார்.